தமிழ்நாட்டில் மான், கரடி வேட்டைத் துப்பாக்கிகளும் தோட்டாக்களும்

மான், கரடி, காட்டுப்பன்றி முதலிய விலங்குகளைச் சுடத் தமிழ்நாட்டில் பயன்பட்ட துப்பாக்கிகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி, ரவைத் தோட்டா போடும் 12 போர் துப்பாக்கி, ஒற்றைக் குண்டு சுடும் ரைபிள் ஆகியவை அவை. வட அமெரிக்காவில் மான், கரடி வேட்டைக்குப் பெயர்பெற்ற பம்ப் ஆக்‌ஷன் ரைபிள் இங்கே வேரூன்றவில்லை. இந்தத் துப்பாக்கிகள் எப்படி இயங்கின, எந்த விலங்குக்கு எந்தத் தோட்டா ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, அவை ஏன் வழக்கொழிந்தன என்பவற்றைக் காஞ்சிபுரம் வட்டாரத்தில் தொடங்கி இக்கட்டுரை விளக்குகிறது. இந்தியாவில் மான் வேட்டையும் கரடி வேட்டையும் இன்று சட்டப்படி குற்றம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காஞ்சிபுரத்தில் இன்று ஊரறிய நடக்கும் வேட்டை வரதராஜப் பெருமாளுடையது. மாட்டுப் பொங்கலையொட்டிப் பெருமாள் பாலாற்றங்கரையிலுள்ள பழையசீவரம் மலைக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருள்கிறார். அந்த வேட்டையில் எந்த விலங்கும் சாவதில்லை. ஆனால் அதே பொங்கல் நாட்களில் பல ஊர்களில் முயல் வேட்டைக்குப் போகும் பழைய வழக்கமும் உண்டு. ஆண்டுதோறும் வனத்துறை எச்சரிக்கை விடுவதும் அதனால்தான். சாமியின் வேட்டையும் ஆசாமியின் வேட்டையும் ஒரே நாட்காட்டியில் இருப்பதிலிருந்து, வேட்டை இந்த ஊர்ப்பக்க வாழ்க்கையில் எவ்வளவு கலந்திருந்தது என்பதை ஊகிக்கலாம்.

நாட்டுத் துப்பாக்கி

நாட்டுத் துப்பாக்கியில் தோட்டா என்ற பொருளே கிடையாது. கரிமருந்து, அதை அடைக்கும் தக்கை, ஈய ரவை ஆகியவை தனித்தனியாகக் குழலின் வாய் வழியே இடப்பட்டுக் கம்பியால் கெட்டிக்கப்படும். பின்புறம் ஒரு சிறு கேப்பு இருக்கும். விசையை இழுத்தால் குதிரை அந்தக் கேப்பின் மேல் அடித்துப் பொறி உண்டாக்கும். பொறி உள்ளே சென்று மருந்தைப் பற்றவைக்கும். செய்தித்தாள்களில் 'பால்ரஸ் குண்டு' என்று வருவது இதில் போடும் சிறு உலோக உருண்டைகளையே குறிக்கும்.

இதன் குறைகள் வெளிப்படையானவை. ஒரு முறை சுட்டால் மறுமுறை கெட்டிக்க ஒரு நிமிடத்திற்குக் குறையாமல் ஆகும். மருந்தின் அளவு கையால் போடுவது என்பதால் ஒரு வெடி போல இன்னொரு வெடி இருக்காது. மழையில் மருந்து நமுத்துப்போகும். குழலின் உட்புறம் புரியின்றி வழவழப்பாக இருப்பதால் தொலைவில் குறி தவறும். காடைக்கும் கௌதாரிக்கும் கொக்குக்கும் இது போதும். மானுக்குப் போதாது, கரடிக்கு நிச்சயமாகப் போதாது.

தமிழகத்தில் இந்தத் துப்பாக்கியோடு நெருங்கிய உறவு கொண்டவர்கள் நரிக்குறவர்கள். வாக்ரிபோலி பேசும் இம்மக்கள் நரி, காட்டுப்பூனை, பறவைகள் போன்ற சிறு உயிர்களை வேட்டையாடி வாழ்ந்தவர்கள். பயிரை அழிக்கும் உயிர்களை விரட்ட ஊரார் அவர்களை அழைத்ததும் உண்டு. அவர்களுடைய வேட்டைக்கு நாட்டுத் துப்பாக்கி பொருத்தமான கருவியாக இருந்தது. மலிவானது, ரவையும் மருந்தும் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளக்கூடியது, கிட்டே போய்ச் சுடும் திறமை உள்ளவர் கையில் வீணாகாதது. கருவியின் குறையை நடையாலும் பொறுமையாலும் ஈடுகட்டினார்கள் என்று சொல்லலாம்.

போர், ரவை, தோட்டா

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்புறம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கிகள் இந்தியாவுக்கு வந்தன. மருந்து, தக்கை, ரவை, கேப்பு ஆகிய நான்கும் ஒரே கூட்டுக்குள் அடைக்கப்பட்டதுதான் தோட்டா. ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்று மிராசுதார் வீடுகளில் சுவரில் மாட்டியிருந்தவை பெரும்பாலும் இந்த வகைதான்.

'12 போர்' என்ற பெயரின் பொருள் மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். அதன் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். 16 உருண்டையாக வார்த்தால் ஒவ்வொன்றும் சிறிதாகும். ஆகவே எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்.

ஒரே 12 போர் துப்பாக்கியில் பலவகைத் தோட்டாக்களைப் போடலாம் என்பதே அதன் சிறப்பு. 4ஆம் எண் ரவைத் தோட்டாவில் ஏறத்தாழ 190 சிறு ரவைகள் இருக்கும். ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் அளவு. இது பறவைக்கும் முயலுக்கும். எஸ்.ஜி. தோட்டாவில் 8.4 மில்லிமீட்டர் ரவைகள் சுமார் 9 மட்டுமே இருக்கும். எல்.ஜி. அதைவிடப் பெரியது. இவ்விரண்டும் மானுக்கும் பன்றிக்கும் என்று கருதப்பட்டன. ஒற்றை ஈயக் குண்டு கொண்ட தோட்டாவும் உண்டு. புனே அருகே கட்கியிலுள்ள வெடிபொருள் தொழிற்சாலையின் 'சக்திமான்' தோட்டாக்கள் சுதந்திர இந்தியாவில் உரிமம் வைத்திருந்தோருக்குப் பழக்கமான பெயர்.

இங்கே ஒரு பெரிய தவறு தொடர்ந்து நடந்தது. எஸ்.ஜி. ரவை 30 மீட்டருக்குள் ஒரு புள்ளிமானை வீழ்த்தும். அதற்கு அப்பால் ரவைகள் விரிந்துவிடும். 60 மீட்டரில் சுட்டால் ஒன்றோ இரண்டோ மட்டும் மானின் வயிற்றிலோ தொடையிலோ படும். மான் விழாது, ஓடிவிடும். இரண்டு நாள், மூன்று நாள் கழித்து எங்கோ ஒரு புதரில் சாகும். சுட்டவர் 'தப்பிவிட்டது' என்று வீடு திரும்புவார். காயம்பட்டுப் போன விலங்கை எந்தக் கணக்கும் சேர்ப்பதில்லை. 'மானுக்கு எந்தத் தோட்டா' என்ற கேள்விக்குள் 'எத்தனை அடி தூரத்தில்' என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது. துப்பாக்கியின் விலையும் பெயரும் இந்தத் தூரத்தைக் கூட்டித் தருவதில்லை.

ரைபிள் தோட்டா: மானும் கரடியும்

குழலின் உட்சுவரில் திருகுபோல் புரி வெட்டினால் குண்டு சுழன்றுகொண்டே செல்லும். சுழலும் பம்பரம் சாயாததுபோல் அதுவும் நேராகச் செல்லும். இதுவே ரைபிள். 150 மீட்டரிலும் ஒரே குண்டை நினைத்த இடத்தில் செலுத்த முடியும் என்பதால் பெருவிலங்கு வேட்டைக்கு அது இன்றியமையாததாயிற்று.

ரைபிள் தோட்டாவை மதிப்பிட மூன்று அளவுகள் தேவை: குண்டின் விட்டம், எடை, வேகம். எடையைக் கிரெயின் என்ற அலகில் சொல்வார்கள். 15.4 கிரெயின் ஒரு கிராம். எடுத்துக்காட்டாக, 1906இல் அமெரிக்க இராணுவத்துக்காக உருவான .30-06 தோட்டாவில் 180 கிரெயின், அதாவது 11.7 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அதன் ஆற்றல் சுமார் 3,900 ஜூல். ஆனால் ஆற்றலை மட்டும் பார்த்தால் போதாது. முனை மென்மையான குண்டு உடலுக்குள் மலர்ந்து அகலமான காயம் உண்டாக்கும். இது மானுக்கு ஏற்றது. முழுவதும் உறையிட்ட கெட்டிக் குண்டு மலராமல் ஆழமாகத் துளைக்கும். இது காட்டெருமை, யானை போன்றவற்றுக்கு. மானைக் கெட்டிக் குண்டால் சுட்டால் அது ஊசி போல் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். மான் வெகுதூரம் ஓடிய பிறகே விழும்.

தமிழ்நாட்டு மான்கள் ஒரே அளவுடையவை அல்ல. வெளிமான் 40 கிலோ அளவு. புள்ளிமான் கடா 70 முதல் 90 கிலோ வரை. கடமான் 200 கிலோவைத் தாண்டும். புள்ளிமானுக்குப் போதுமான தோட்டா கடமானின் தோள் எலும்பில் நின்றுவிடக்கூடும்.

கரடியின் கதை வேறு. நம் காடுகளில் உள்ளது தேன்கரடி. ஆண் 80 முதல் 145 கிலோ வரை இருக்கும். எடையில் கடமானுக்குக் குறைவானாலும் வேட்டையாடியவர்கள் அஞ்சியது கரடிக்குத்தான். அதன் நீண்ட அடர்ந்த மயிர் உடலின் எல்லையை மறைத்துவிடும். மயிரின் நடுவைக் குறிவைத்தவர் உண்மையில் உடலின் ஓரத்தைச் சுட்டிருப்பார். கரடிக்குப் பார்வையும் செவியும் மந்தம். அதனால் மனிதர் மிக அருகே வந்த பிறகே திடுக்கிட்டுத் தாக்கும், பெரும்பாலும் முகத்தைக் குறிவைத்து. காயம்பட்ட கரடி புதருக்குள் போனால் அதைத் தேடிப்போவது வேட்டைக்காரரின் கடமை என்று கருதப்பட்டது. காரணம் எளிது. மறுநாள் அந்தப் பக்கம் விறகு பொறுக்க வருபவருக்கு அங்கே காயம்பட்ட கரடி இருப்பது தெரியாது. சுட்டவர் செய்த பிழைக்கு விலை கொடுப்பது வேறொருவர்.

பெங்களூரில் வாழ்ந்து சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் (1910–1974) மைசூர்ப் பகுதியில் மனிதரைத் தாக்கிய ஒரு கரடியைப் பற்றித் தனிக் கதையே எழுதியிருக்கிறார். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாதிரி. கைப்பிடிக்குக் கீழுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவைக் கொண்டுவரும் அமெரிக்கத் துப்பாக்கி அது. 300 கிரெயின் எடையுள்ள தடித்த குண்டு. அதிவேகமானதல்ல, ஆனால் புதர்க்காட்டின் குறுகிய தூரத்தில் நம்பத்தக்கது. பெரும்பாலான ஆங்கிலேயர் இரட்டைக்குழல் ரைபிளையோ போல்ட் ஆக்‌ஷனையோ வைத்திருந்த காலத்தில் இது சற்று வழக்கத்திற்கு மாறான தேர்வு.

தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது எப்போதும் வேட்டைக்காரரே என்று எண்ணிவிடக் கூடாது. பல நேரங்களில் அரசே தேர்ந்தெடுத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவுள்ள தோட்டாக்களைத் தனியார் இந்தியாவுக்குள் கொண்டுவரப் பிரிட்டிஷ் அரசு தடை விதித்தது. பழைய இராணுவ மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் கிளர்ச்சியாளர் கையில் இருந்தன. அவற்றுக்குத் தீனி கிடைத்துவிடும் என்ற அச்சமே காரணம். அதன் விளைவாகவே .470, .465 என்ற புதிய அளவுகளை ஆங்கிலேயத் துப்பாக்கிக்காரர்கள் உருவாக்கினர். இராணுவத் தோட்டாவான .303-உம் குடிமக்களுக்கு மறுக்கப்பட்டது. அந்த இடத்தை நிரப்பியது .315. ஆஸ்திரிய இராணுவத்தின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவிலிருந்து வந்தது இது. இந்தியாவில் எந்தப் படையும் அதைப் பயன்படுத்தாததால் ஆபத்தற்றது என்று கருதப்பட்டது. 244 கிரெயின் குண்டு, மிதமான வேகம். பின்னர் வங்கத்திலுள்ள இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை .315 விளையாட்டு ரைபிளைத் தயாரித்தது. சுதந்திர இந்தியாவில் சாதாரண உரிமதாரருக்குக் கிடைத்த ரைபிள் என்றால் பெரும்பாலும் அதுதான். கடமானுக்கும் கரடிக்கும் அது தற்செயலாகப் பொருத்தமாகவே அமைந்தது.

பம்ப் ஆக்‌ஷன்

பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியில் இடக்கை பிடித்திருக்கும் முன்கட்டை அசையக்கூடியது. அதைப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், குதிரை நிமிரும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறி அடைபடும். பழைய சைக்கிள் பம்பை நினைத்துக்கொண்டால் போதும். வலக்கை விசையை விட்டு விலக வேண்டியதில்லை, துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கவும் வேண்டாம். போல்ட் ஆக்‌ஷனில் இவ்விரண்டில் ஒன்றாவது தடைபடும். இரண்டாம் வெடி விரைவாகத் தேவைப்படும் அடர்காட்டில் இது பெரிய வசதி.

கோல்ட் நிறுவனம் 1884இலேயே இவ்வகை ரைபிளை விற்றது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. குழலுக்கு அடியிலுள்ள நீள்குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு போட்டால் அதன் முனை முன்னாலுள்ள தோட்டாவின் கேப்பில் இடித்து உள்ளேயே வெடிக்கும் அபாயம் உண்டு. 1912இல் வந்த ரெமிங்டன் 14ஆம் மாதிரி அந்தக் குழாயைச் சுருளாக முறுக்கி, முனை கேப்பைத் தொடாதபடி செய்தது. 1952இல் வந்த ரெமிங்டன் 760, கழற்றி மாட்டும் பெட்டியில் 4 தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சிக்கலை முற்றிலும் தீர்த்தது. 1981இல் அதன் வழித்தோன்றலாக 7600 வந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் மானையும் கரடியையும் தானியங்கி முறையில் தோட்டா ஏற்றும் ரைபிளால் சுட அனுமதியில்லை. அதனால் கையால் இயங்கும் துப்பாக்கிகளில் வேகமான பம்ப் ரைபிள் அங்கே குடும்பச் சொத்துபோல் ஆகிவிட்டது. அங்குள்ளோர் மானுக்கு .243 அல்லது .270, கருங்கரடிக்கு .30-06இல் 180 கிரெயின் குண்டு அல்லது கனமான .35 என்று தேர்வதுண்டு. உரிமம், பருவம், எத்தனை விலங்கு என்ற வரம்பு எல்லாம் அங்கே சட்டத்தால் வகுக்கப்பட்டவை.

இங்கே அது ஏன் வரவில்லை? மக்களின் விருப்பம் மட்டுமே காரணம் என்று தோன்றவில்லை. சென்னையிலும் கல்கத்தாவிலும் விற்பனை ஆங்கிலேயத் துப்பாக்கி நிறுவனங்களின் கையில் இருந்தது. அவர்கள் பம்ப் ரைபிளைச் செய்யவில்லை. அமெரிக்கத் தோட்டா இங்கே எளிதில் கிடைக்காது. துப்பாக்கி எவ்வளவு நல்லதானாலும் தோட்டா கிடைக்காவிட்டால் அது வெறும் கட்டைதான். ரெமிங்டன் 760 வந்த இருபதே ஆண்டுகளில் இந்தியாவில் வேட்டைச் சட்டம் இறுகியது. 1980-களின் நடுப்பகுதியில் தனியார் துப்பாக்கி இறக்குமதியும் நின்றுபோனது. எனினும் பம்ப் ஆக்‌ஷன் முறை தமிழ்நாட்டுக்கு அந்நியமன்று. திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலை 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியைத் தயாரித்திருக்கிறது. அது புரியில்லாத குழல் கொண்டது, வேட்டையைவிடக் காவலுக்கே உரியது.

தடையின் வரலாறு

துப்பாக்கிக்கு எதிரான முதல் குரல்களில் ஒன்று காஞ்சிபுரத்திற்கு அருகிலேயே எழுந்தது. அன்று கம்பெனியின் ஜாகீர் எனப்பட்ட இப்பகுதியில் லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்தார். வரதராஜப் பெருமாளுக்கு அவர் அணிகலன் அளித்ததாகச் சொல்லப்படுகிறது. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் அவரிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றனர் என்பது அறியப்பட்ட வரலாறு. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அந்த உழவர்கள் அறிந்திருந்தார்கள். வேடந்தாங்கல் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது.

நீலகிரியில் வரலாறு வேறு திசையில் சென்றது. அங்கே 1877இல் வேட்டைக்காரர்களே ஒரு சங்கம் அமைத்தனர். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விலங்குகள் தீர்ந்துபோனால் சுட ஒன்றும் மிஞ்சாது என்ற கவலையே அதன் வேர். அந்தக் காட்டிலேயே வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தில் என்ன இடம் என்று கேட்டால் பதில் மகிழ்ச்சி தருவதாக இராது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒரேயடியாக நிறுத்திவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியன்று. அந்தச் சட்டத்திலேயே சிறுவேட்டை, பெருவேட்டை என்று உரிமங்கள் இருந்தன. 1991ஆம் ஆண்டுத் திருத்தமே அவற்றை நீக்கியது. தேன்கரடியும் வெளிமானும் முதல் அட்டவணையில் உள்ளவை. அவ்வட்டவணை விலங்கைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் செத்த விலங்கு அரசின் சொத்து.

துப்பாக்கி வைத்திருப்பது தனிச் சட்டத்தின் கீழ் வருகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தருவது பற்றி இன்றும் சொல்லப்பட்டிருக்கிறது. உரிமம் துப்பாக்கிக்குத்தான், விலங்கைக் கொல்வதற்கு அன்று. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியோடு பிடிபடுபவர்மீது இரண்டு சட்டங்களும் சேர்ந்து பாயும். நரிக்குறவர்களுக்கு இது வாழ்வுப் பிரச்சினையாயிற்று. வேட்டை குற்றமானபோது அவர்களுடைய தொழிலே குற்றமாயிற்று, மாற்றுத் தொழில் எதையும் சட்டம் கையில் கொடுக்கவில்லை. பாசிமணியும் ஊசியும் விற்கும் வாழ்க்கையே பலருக்கும் மிஞ்சியது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான்.

இதற்கிடையில் காட்டுப்பன்றியால் பயிரிழக்கும் உழவர்களின் குறை வளர்ந்துகொண்டே வந்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் சுடலாம், ஆனால் சுட வேண்டியவர் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளரே. வயலின் நடுவில், அறுவடைக்கு ஆள் நடமாடும் இடத்தில், இருட்டில், எத்தனை மீட்டரில், எந்தத் தோட்டாவால் சுடுவது என்ற பழைய கேள்வி இப்போது அவர்களுடையது.